அந்தக் கணக்கு யாருடையது?

ஒருவர் இணையத்தில் டிஜிட்டல் கேமரா ஒன்றைப் பார்த்து வாங்கினார். விலை 300 யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு. சொன்ன வங்கிக் கணக்குக்குப் பணத்தை முன்கூட்டியே அனுப்பினார். கேமரா வரவில்லை. விசாரித்தால், அப்படியொரு கடையே கிடையாது. கடை நடத்தியவன் யார், எந்த ஊர், எந்த நாடு, எதுவும் தெரியவில்லை.

இதுவரை நடந்தது யாருக்கும் நடக்கக்கூடியது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் ஜெர்மனியின் சட்டப் புத்தகங்களில் ஏறியது. திருடனைத் தேடிக் களைத்துப் போகாமல், தன் பணம் போய் விழுந்த கணக்கு யாருடையது என்று பார்த்தார். அது ஒரு பெண்ணின் கணக்கு. முகம் தெரியாத யாரோ ஒருவர் மாதம் 400 யூரோ தருவதாகச் சொல்ல, கணக்கை இயக்கும் விவரங்களை அவரிடம் ஒப்படைத்திருந்தார் அந்தப் பெண். கேமரா வாங்கியவர் அந்தப் பெண்ணின் மீது வழக்குப் போட்டார். 300 யூரோ வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

2012 டிசம்பர் 19 அன்று, கார்ல்ஸ்ரூ நகரில் இருக்கும் புண்டஸ்கெரிஷ்ட்ஸ்ஹோஃப் என்ற கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இழப்பை அந்தப் பெண்தான் தர வேண்டும். அவர் கேமரா விற்கவில்லை. யாரையும் நேரில் ஏமாற்றவும் இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் தன் கணக்குக்கு ஏன் மாதவாடகை தருகிறார் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், வருவது களவுப் பணம் என்று விளங்கியிருக்கும். யோசிக்காமல் விட்டது கடுமையான அலட்சியம். குற்றவியல் சட்டத்தின் 261ஆம் பிரிவு கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தண்டிக்கும் பிரிவு. அது தெரிந்தே செய்தவரோடு, இப்படி அலட்சியத்தால் துணைபோனவரையும் பிடிக்கும். அந்தப் பிரிவு பணத்தைப் பறிகொடுத்தவரைக் காப்பதற்காகவும் எழுதப்பட்டது என்று நீதிபதிகள் சொன்னார்கள். அந்த ஒரு வரி வந்ததால், கணக்குக்காரரிடமிருந்து இழப்பீடு கேட்கும் உரிமை ஏமாந்த எல்லோருக்கும் வந்து சேர்ந்தது.

ஜெர்மனியில் இணைய ஏலத்திலோ பழைய பொருள் விளம்பரத்திலோ பணத்தை இழந்த தமிழர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு இது. ஏனென்றால் நாம் எல்லோரும் முதலில் தேடுவது விற்றவனின் பெயரை. அது பொய்ப்பெயர். படம் பொய், முகவரி பொய், அவன் அனுப்பிய அடையாள அட்டையின் புகைப்படம் அவனிடம் முன்பு ஏமாந்த இன்னொருவருடையது. இவ்வளவு பொய்க்கும் நடுவில் நிஜமாக இருப்பது ஒன்றே ஒன்று, அந்த 22 எழுத்து ஐபான் எண். பணம் அந்தரத்தில் விழ முடியாது. ஒரு வங்கியில், ஒரு மனிதரின் பெயரில், அடையாளம் காட்டித் திறந்த கணக்கில்தான் விழுந்தாக வேண்டும்.

ஒருவழிப் பாதை

ஜெர்மானியர்கள் வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடியாகப் பணம் அனுப்பியே பழகியவர்கள். வாடகை, மின்கட்டணம், மருத்துவர் பில், பழைய சைக்கிள், எல்லாவற்றுக்கும் ஊபர்வைசுங் என்ற இந்தப் பரிமாற்றம்தான். நம் ஊரிலிருந்து போன மாணவர்களும் முதல் மாதத்திலேயே இதைக் கற்றுக்கொள்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்குள் இருக்கும் ஆபத்தை மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கடைக்காரரோ நிறுவனமோ உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் என்ற முறையில், 8 வாரங்களுக்குள் காரணமே சொல்லாமல் பணத்தைத் திரும்பப் பெறலாம். நீங்கள் அனுமதியே தராமல் எடுத்திருந்தால் 13 மாதங்கள் வரை அவகாசம் உண்டு. நீங்களே அனுப்பும் ஊபர்வைசுங்குக்கு அந்தச் சலுகை எதுவும் இல்லை. உத்தரவு வங்கிக்குப் போய்ச் சேர்ந்த நொடியே அதை ரத்து செய்யும் உரிமை போய்விடுகிறது. நொடிகளில் சேரும் உடனடிப் பரிமாற்றம் என்றால், அடுத்த பக்கம் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதும் அதே வேகத்தில்தான்.

இன்னொன்றும் இருந்தது. பல ஆண்டுகளாக, நீங்கள் எழுதும் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று வங்கிகள் பார்க்கவே இல்லை. சட்டப்படி எண் மட்டுமே கணக்கு. "அன்னா ஷ்மிட்" என்று எழுதி அனுப்பினாலும், எண்ணுக்குச் சொந்தக்காரர் வேறு யாராக இருந்தாலும் பணம் போய்விடும். மோசடிக்காரர்கள் வாழ்ந்தது இந்த ஓட்டையில்தான். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள் அனுப்பும் முன்பே பெயரை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி வந்திருக்கிறது. பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை திரையில் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். "அது என் மனைவியின் கணக்கு", "வங்கியில் பெயரை மாற்றவில்லை" என்று விற்பவர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். எச்சரிக்கையைத் தாண்டி நீங்கள் அனுப்பினால், பிறகு வங்கியின் மேல் பழி சொல்லவும் வழியிருக்காது.

பேபாலில் அனுப்பினோமே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. "நண்பர்களும் குடும்பமும்" என்ற வழியில் அனுப்பச் சொல்வார்கள், கட்டணம் மிச்சம் என்பார்கள். அந்த வழியில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. பொருள் வாங்கும் வழியில் அனுப்பியிருந்தால் 180 நாட்களுக்குள் புகார் செய்யலாம். ஈபேயின் சொந்தப் பாதுகாப்புக்கு இன்னும் குறுகிய கெடு: பொருள் வந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து 30 நாட்கள். "பார்சல் வழியில் இருக்கிறது", "அம்மா ஆஸ்பத்திரியில்" என்று விற்பவர் வாரக்கணக்கில் இழுப்பது இந்தக் கெடுவைத் தாண்ட வைக்கத்தான்.

முதல் நாள்

இந்தியாவில் 1930 என்ற எண்ணை அழைத்தால், பணம் வங்கி விட்டு வங்கி ஓடும்போதே தடுத்து நிறுத்தும் ஏற்பாடு 2021இலிருந்து இருக்கிறது. ஜெர்மனியில் அட்டையைத் தொலைத்தால் அழைக்க 116 116 என்ற எண் உண்டு. நீங்களே மனமுவந்து அனுப்பிய பணத்தை அது தடுக்காது. எனவே அழைக்க வேண்டியது உங்கள் வங்கியை. மோசடி என்ற வார்த்தையைச் சொல்லி, பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கையை அனுப்பச் சொல்லுங்கள். கணக்கில் பணம் இன்னும் இருந்தால் எதிர்த்தரப்பு வங்கி அதை முடக்கி வைக்கலாம். பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் அந்த அழைப்பு முக்கியம். மோசடிக் கணக்கு என்ற செய்தி அந்த வங்கிக்குப் போனால், அடுத்து ஏமாறப் போகிறவரின் பணமாவது தப்பும்.

அடுத்தது ஆதாரம். விளம்பரப் பக்கத்தை அது மறைவதற்கு முன்பு முழுதாகச் சேமிக்க வேண்டும். விளம்பர எண், விற்பவரின் பயனர் பெயர், உரையாடல், பணம் போன ரசீது எல்லாம் வேண்டும். விற்பவர்கள் ஈபேயின் உள்ளே பேசாமல் வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்வது, தளத்தின் கண்ணில் படாமலிருக்க. அங்கே அவர்கள் அனுப்பியதை அவர்களே அழித்துவிட முடியும். ஆகவே உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

பிறகு காவல்துறை. ஜெர்மனியின் 16 மாநிலங்களுக்கும் இணையத்தில் ஒரே நுழைவாயில் இருக்கிறது. ஒன்லைன்வாக்கே என்று பெயர். வீட்டிலிருந்தபடியே ஷ்ட்ராஃப்அன்சைகே என்ற குற்றப் புகாரைப் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை. மொழி தடுமாறினால் நிலையத்துக்கு ஒரு நண்பரை அழைத்துப் போகலாம். விசா நிலை என்னவாகுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். ஏமாந்தவர் புகார் கொடுத்ததற்காக எந்த அலுவலகமும் விசாவில் கைவைக்காது.

புகார் எண் கிடைத்தவுடன் பலருக்கு ஒரு நிம்மதி வருகிறது. இனி போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்ற நிம்மதி. நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். போலீஸ் தேடுவது குற்றவாளியை. உங்கள் 300 யூரோவைத் தேடுவது அவர்கள் வேலை இல்லை. குற்றவியல் சட்டத்தின் 263ஆம் பிரிவின்படி மோசடிக்கு 5 ஆண்டுவரை சிறை உண்டு, தொழிலாகவே செய்தால் 10 ஆண்டுவரை. அவன் சிறைக்குப் போனாலும் உங்கள் கணக்கில் ஒரு செண்ட் ஏறாது. பணத்துக்கு வேறு பாதை இருக்கிறது, அதில் நடக்க வேண்டியது நீங்கள்.

இழுப்பறையில் கிடக்கும் கடிதம்

சில மாதங்கள் கழித்து அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். குற்றம் செய்தவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, விசாரணை நிறுத்தப்படுகிறது என்று அதில் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் படித்து, பெருமூச்சு விட்டு, மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கடிதத்தின் மேல் மூலையில் ஒரு கோப்பு எண் இருக்கிறது. அந்தக் கோப்புக்குள், பெரும்பாலும், உங்கள் பணம் போன கணக்கின் உண்மையான சொந்தக்காரர் பெயரும் முகவரியும் இருக்கின்றன. நீங்கள் கேட்டால் வங்கி சொல்லாது, வாடிக்கையாளர் ரகசியம் என்று சொல்லிவிடும். அரசு வழக்கறிஞர் கேட்டால் வங்கி சொல்லியாக வேண்டும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 406இ பிரிவு, பாதிக்கப்பட்டவர் அந்தக் கோப்பைப் பார்க்க வழி தருகிறது. வழக்கறிஞர் மூலம் கேட்பது வழக்கம். வழக்கறிஞர் இல்லாதவரும் கேட்கலாம். இழப்பீடு கோருவதற்காக என்று காரணத்தை எழுத வேண்டும். வருமானம் குறைந்தவர்கள், மாணவர்களும் இதில் அடக்கம், வீட்டுக்கு அருகிலிருக்கும் அம்ட்ஸ்கெரிஷ்ட் என்ற கீழ்நிலை நீதிமன்றத்தில் பெராட்டுங்ஸ்ஹில்ஃபே சான்று வாங்கிக்கொண்டால் வழக்கறிஞரின் ஆலோசனை 15 யூரோவில் முடியும். விசாவுக்காகத் திறந்த முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோவை எடுத்து, வாடகையும் காப்பீடும் கட்டி வாழும் ஒரு மாணவிக்கு இது சின்ன விஷயம் இல்லை. 300 யூரோ அவளுக்கு ஒரு மாதத்தின் மூன்றில் ஒரு பங்கு.

கணக்குக்காரர் யார் என்று தெரிந்த பிறகு மூன்று நிலைமைகள் இருக்கலாம். அவரே திருடன். அல்லது கேமரா வழக்கில் வந்த பெண்ணைப் போலக் கணக்கை வாடகைக்கு விட்டவர். மூன்றாவது, தானே ஏமாந்தவர்: வேலைக்கு விண்ணப்பித்தபோது ஒரு வீடியோ அழைப்பில் அடையாளம் காட்டச் சொன்னார்கள், காட்டினார், அதைவைத்து அவர் பெயரில் கணக்கு திறந்துவிட்டார்கள், அவருக்கே தெரியாது. அந்த மூன்றாமவரிடமிருந்து பணம் வருவது கடினம். நியாயமும் அதுதான். முதல் இருவரிடம் கேட்கலாம்.

ஒன்றரை யூரோவுக்கு ஒரு கார்

விற்பவர் நிஜமான ஆளாக, சொந்தப் பெயரிலேயே இருந்து ஏமாற்றுவதும் உண்டு. அங்கே கார்ல்ஸ்ரூ நீதிபதிகள் வாங்குபவரின் பக்கம் எவ்வளவு உறுதியாக நின்றிருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் தைரியம் வரும்.

1999இல் பெர்லினில் சாம்வெர் சகோதரர்களும் நண்பர்களும் அலாண்டோ என்ற ஏலத்தளத்தைத் தொடங்கினார்கள். சில மாதங்களிலேயே அதை ஈபே வாங்கிக்கொண்டது. அதே ஆண்டுக் கோடையில் ரிக்கார்டோ என்ற இன்னொரு தளத்தில் ஒருவர் புதிய ஃபோக்ஸ்வாகன் பஸாட் காரை ஏலத்துக்கு விட்டார். ஏலம் 26,350 மார்க்கில் முடிந்தது. காரின் மதிப்பு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விற்பவர் தர மறுத்தார். இணையத்தில் அழுத்தியது ஒப்பந்தமா என்ற கேள்வி அப்போது யாருக்கும் தெளிவில்லை. 2001 நவம்பர் 7 அன்று தீர்ப்பு வந்தது: ஒப்பந்தம்தான், கட்டுப்படுத்தும்.

அந்த அடித்தளத்தின் மேல்தான் மற்றவை எழுந்தன. ஒருவர் பழைய பஸாட்டை 1 யூரோவில் ஏலத்துக்கு விட்டு, வெளியில் வேறு ஆள் கிடைத்ததும் ஏலத்தை நிறுத்தினார். அப்போதைய ஏலம் 1 யூரோவில் நின்றிருந்தது. 2014இல் நீதிமன்றம் அவரை 5,249 யூரோ தரச் சொன்னது. காரின் மதிப்பு 5,250 யூரோ, அதில் ஏலத்தொகை ஒரு யூரோ போக மிச்சம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 2016 ஆகஸ்ட் 24 தீர்ப்பு. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார், தொடக்க விலை 1 யூரோ. விற்றவர் இன்னொரு பெயரில் தானே ஏலம் கேட்டு விலையை ஏற்றிக்கொண்டே போனார். எதிரில் நின்ற மனிதர் ஒவ்வொரு முறையும் மேலே கேட்டார். கடைசியில் 17,000 யூரோவில் விற்றவரின் பொய்க் கணக்கே "வென்றது". தோற்றதாகச் சொல்லப்பட்டவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். விற்றவரின் பொய் ஏலங்களை எடுத்துவிட்டால் மீதி இருப்பது முதலில் 1 யூரோ கேட்ட ஒரு அந்நியரும் தானும்தான். எனவே 1.50 யூரோவுக்குக் கார் தன்னுடையது என்றார். டூபிங்கன் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, ஷ்டுட்கார்ட் மேல்நீதிமன்றம் மறுத்தது, கார்ல்ஸ்ரூ மீண்டும் ஒப்புக்கொண்டது. கார் வேறு கைக்குப் போய்விட்டதால் 16,500 யூரோ இழப்பீடு. ஏலம் என்பது வேறொருவரோடு செய்யும் ஒப்பந்தம், தன்னோடு தானே ஒப்பந்தம் செய்ய முடியாது என்ற எளிய நியாயத்தை நீதிபதிகள் அதன் எல்லைவரை கொண்டுபோனார்கள்.

வியாபாரி ஒருவர் ஏலத்தில் விற்றால், ஏலம் என்ற பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது என்று 2004 நவம்பர் 3 அன்றே தீர்ப்பு இருக்கிறது. 14 நாட்களுக்குள் நுகர்வோர் பொருளைத் திருப்பித் தந்து பணத்தைக் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கினால் இந்த உரிமை இல்லை. தனிநபரிடம் இன்னொரு சிக்கலும் உண்டு: அவர் பார்சலைத் தபாலில் சேர்த்துவிட்டார் என்றால் வழியில் தொலைந்தால் நஷ்டம் வாங்குபவருக்கு. ஆகவே "அனுப்பிவிட்டேன்" என்பவரிடம் ரசீதும் தடமறியும் எண்ணும் கேளுங்கள். டிஹெச்எல் பாக்கெட் என்றால் 500 யூரோ வரை காப்பீடு உள்ளடங்கியது. மலிவான சிறு பொட்டலத்துக்கு அது இல்லை. நேர்மையான விற்பனையாளர் இந்தச் சில யூரோ வித்தியாசத்துக்குச் சண்டை போட மாட்டார்.

பேபால் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டால் கதை முடிந்ததா? முடியவில்லை. 2017 நவம்பர் 22 தீர்ப்பின்படி, பேபாலின் முடிவுக்குப் பிறகும் விற்றவர் நீதிமன்றம் போகலாம். அதே போல, பேபால் கைவிரித்தாலும் வாங்கியவருக்கு நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவு சொல்வது கடைசி வார்த்தையாக இருக்க முடியாது.

மஞ்சள் உறையில் வரும் நீதி

பெயரும் முகவரியும் கிடைத்துவிட்டால் அடுத்து என்ன என்பதற்கு ஜெர்மானியர்கள் வைத்திருக்கும் வழி அழகானது. வழக்கு, வாதம், வக்கீல் எதுவும் இல்லாமல் தொடங்கலாம். முதலில் ஒரு கெடு வைத்துப் பணத்தைத் திருப்பக் கேட்டு எழுத வேண்டும், அதைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். பதில் இல்லையென்றால் மான்பெஷைட். இது நீதிமன்றம் அனுப்பும் பணக்கோரிக்கை ஆணை. படிவத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். சிறு தொகைக்கு நீதிமன்றக் கட்டணம் 40 யூரோவுக்குள். அந்தச் செலவையும் எதிராளி தலையில்தான் சேர்ப்பார்கள்.

ஆணை மஞ்சள் உறையில் எதிராளியின் வீட்டுக்குப் போகும். கோரிக்கை சரியா தவறா என்று நீதிமன்றம் இந்தக் கட்டத்தில் பார்ப்பதில்லை. அவர் 2 வாரத்துக்குள் மறுக்கலாம். மறுத்தால் விஷயம் சாதாரண வழக்காக மாறும், அம்ட்ஸ்கெரிஷ்டில் நீங்களே ஆஜராகலாம், வக்கீல் கட்டாயமில்லை. மறுக்காவிட்டால் 6 மாதத்துக்குள் அடுத்த படிவம்: ஃபோல்ஷ்ட்ரெக்குங்ஸ்பெஷைட், அதாவது பணத்தை வசூலிக்கும் ஆணை. அதற்கும் 2 வாரம் மௌனம் என்றால் உங்கள் கையில் இருப்பது தீர்ப்புக்குச் சமம். 30 ஆண்டுகள் உயிரோடிருக்கும்.

முப்பது ஆண்டுகள் என்பதைப் பலர் சரியாக உள்வாங்குவதில்லை. இன்று அவனிடம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். மாதம் 1,500 யூரோவுக்குச் சற்று அதிகமான தொகை வரையிலான நிகரச் சம்பளத்தில் கைவைக்க முடியாது என்று சட்டம் காக்கிறது, அது சரியான சட்டம். ஆனால் 25 வயதில் ஏமாற்றியவனுக்கு 35 வயதில் நல்ல வேலை வரும், வீட்டுக்கடன் கேட்பான், கார் தவணைக்குப் போவான். அப்போது நீதிமன்ற அமீனாவை அனுப்பலாம். சொத்து விவரத்தைச் சொல்லச் சொல்லி அமீனா அவனை அழைப்பார். சொல்ல மறுத்தால் கடனாளிகள் பட்டியலில் பெயர் ஏறும், அந்தப் பட்டியல் இருக்கும்வரை அவனுக்கு வாடகை வீடு கிடைப்பதே கஷ்டம். சம்பளத்தையும் வங்கிக் கணக்கையும் முடக்கும் ஆணையும் கேட்கலாம்.

படித்து முடித்துக் கோயம்புத்தூருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பியவர்கள் இதெல்லாம் இனி தங்களுக்கு இல்லை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஜெர்மனியில் வசிக்காத மனுதாரர்களுக்கென்றே ஒரு நீதிமன்றம் ஒதுக்கப்பட்டிருக்கிறது: பெர்லினின் வெடிங் பகுதி அம்ட்ஸ்கெரிஷ்ட். எதிராளியின் சரியான முகவரி மட்டும் வேண்டும். பழைய முகவரியிலிருந்து மாறியிருந்தால் குடியிருப்புப் பதிவு அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டிப் புதியதைக் கேட்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம், இதைத் தவறவிட்டுப் பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மோசடிக்காரர்கள் திவால் மனு போடுவதும் உண்டு. 3 ஆண்டு ஒழுங்காக நடந்துகொண்டால் மீதிக் கடன்கள் தள்ளுபடி. ஆனால் திவால் சட்டத்தின் 302ஆம் பிரிவு, வேண்டுமென்றே செய்த தீங்கால் வந்த கடனைத் தள்ளுபடி செய்ய விடாது. ஒரு நிபந்தனை: திவால் நடைமுறையில் கடனைப் பதிவு செய்யும்போதே, இது மோசடியால் வந்தது என்று காரணத்தோடு எழுதியிருக்க வேண்டும். வெறுமனே "பொருளுக்கான பணம்" என்று எழுதினால் அது சாதாரணக் கடனோடு சேர்ந்து கரைந்துவிடும். இன்னொன்று, மோசடிக் கடன் என்றால் சம்பளத்தில் பாதுகாக்கப்பட்ட பகுதியிலும் கொஞ்சம் எடுக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். ஆனால் யாரும் விசாரிக்காமல் கிடைத்த வசூல் ஆணை அதற்குப் போதிய சான்று இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மோசடிதான் என்று நீதிபதி எழுதிய தீர்ப்பு வேண்டும். கணக்கை வாடகைக்கு விட்டவரின் அலட்சியத்துக்கு இந்தக் கடுமை பொருந்தாது, தெரிந்தே ஏமாற்றியவருக்குத்தான்.

எனவே திருடன் பிடிபட்டுக் குற்ற வழக்கு நடக்கும் என்று தெரிந்தால், அட்ஹேஷியோன்ஸ்ஃபெர்ஃபாரன் என்ற வழியே சிறந்தது. அதே குற்ற வழக்குக்குள் உங்கள் பணத்தையும் கேட்கலாம். தனி வழக்கு வேண்டாம், முன்பணம் கட்ட வேண்டாம், இறுதி வாதம் தொடங்கும்வரை மனு கொடுக்கலாம். 2017 ஜூலை 1 முதல் இன்னொரு கதவும் திறந்தது. குற்றத்தில் கிடைத்த பணத்தை அரசு பறிமுதல் செய்தால், அது ஏமாந்தவர்களுக்குப் பிரித்துத் தரப்படும். அரசு வழக்கறிஞர் அலுவலகம் கடிதம் அனுப்பும், 6 மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும். வீடு மாறும்போது புதிய முகவரியை அந்தக் கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு எழுதி வையுங்கள். பழைய விடுதிக் கதவில் வந்து திரும்பிய ஒரு கடிதத்தில் உங்கள் பணம் இருக்கலாம்.

மாதம் 400 யூரோ

மீண்டும் அந்தக் கேமரா வழக்குக்கு வருகிறேன். அதில் வந்த பெண்ணைப் பற்றி நினைக்கும்போது எனக்குக் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் வருகிறது. 2023-24 கல்வியாண்டில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் ஏறக்குறைய 49,000 பேர், வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடம். பகுதிநேர வேலை எல்லோருக்கும் வேண்டும். "செயலியைச் சோதிக்கும் வேலை", "வீட்டிலிருந்தே கணக்கு மேலாண்மை", "உங்கள் கணக்கில் வரும் பணத்தை அனுப்பினால் கமிஷன்" என்ற விளம்பரங்கள் அவர்களைத்தான் தேடி வருகின்றன. ஜெர்மன் போலீஸ் இப்படி மாட்டுகிறவர்களை ஃபினான்ஸ்ஏஜென்ட் என்று அழைக்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் கடனில் படிக்கும் பிள்ளைக்கு மாதம் 400 யூரோ என்பது எவ்வளவு பெரிய வலை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த 400 யூரோவுக்காக அவன் கணக்கில் வந்து விழும் ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் இன்னொரு மாணவன் கேமராவுக்கோ மடிக்கணினிக்கோ காத்திருக்கிறான். ஏமாந்தவர்கள் அத்தனை பேரும் அவன் முகவரிக்கே மான்பெஷைட் அனுப்பலாம், 2012இலிருந்து அதற்கு உச்ச நீதிமன்றத்தின் ஆதரவும் இருக்கிறது. அத்துடன் 261ஆம் பிரிவில் குற்ற வழக்கு, வங்கி கணக்கை மூடுதல், விசா நீட்டிப்பில் கேள்வி.

மாட்டிக்கொண்டது தெரிந்தால் அன்றே செய்ய வேண்டியது: பணத்தை யாருக்கும் அனுப்பாமல் அப்படியே விட்டுவிட்டு, வங்கிக்கும் போலீசுக்கும் தானே போய்ச் சொல்வது. கணக்கில் மீதமிருக்கும் பணம் அதற்கு உரியவரிடம் திரும்ப அதுவே வழி. தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு மாணவர்களைத் திரட்டுகின்றன. புதிதாக வந்தவர்களுக்கு நகரப் பதிவு எப்படி, காப்பீடு எப்படி என்று சொல்லித்தருகின்றன. கணக்கை யாருக்கும் வாடகைக்கு விடாதே என்பதையும் அந்த முதல் நாள் கூட்டத்திலேயே சொல்லித்தர வேண்டும் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாகக் கெடு. ஏமாந்த பணத்தைக் கேட்கும் உரிமை சாதாரணமாக 3 ஆண்டு நிற்கும். அந்த 3 ஆண்டும் ஏமாந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. எதிராளி யார் என்று தெரிந்த ஆண்டின் கடைசி நாளிலிருந்து எண்ணப்படும். 2024இல் பணத்தை இழந்து, அதே ஆண்டில் கணக்குக்காரர் யார் என்று தெரிந்துகொண்டவருக்கு 2027 டிசம்பர் 31 நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது. அதற்குள் மான்பெஷைட் மனு வெடிங்குக்கோ உங்கள் மாநில நீதிமன்றத்துக்கோ போய்விட்டால் கடிகாரம் நின்றுவிடும். கோப்பு எண் அந்தக் கடிதத்தின் மேல் மூலையில் இருக்கிறது.